முதல் போறணைப் பாண் மாட்டுக்கு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பயணம் எங்கும் ஓடிவிடாது.

சண்டை நடந்து, சீமெந்து வடக்குக்கு வராத காலத்தில், யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பாண் சுடுகிற விறகுப் போறணை ஒன்று கட்டினேன். செல் விழுந்த வீட்டின் செங்கல். களிமண்ணும் சுண்ணாம்பும் பனங்கட்டிப் பாணியும் குழைத்துப் பூச்சு. சூடு கீழே இறங்கிப் போகாமல் இருக்க, அடியில் உப்பும் உடைத்த போத்தல் கண்ணாடியும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை, போறணை மட்டும் கல்லுப்போல நின்றது. உள்ளே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதற்குப் பிறகு கொக்குவிலில் றெயில் பாதையோரம் இரண்டாவது போறணை. சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி உடுவில் வரை நானே மிதித்துப் பாண் கொடுத்திருக்கிறேன். ஈஸ்ட் இல்லாத நாட்களில் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. சிலர் வந்து இரண்டாம் தரமும் கேட்டார்கள்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் ஒன்றையும் கைவிடவில்லை.

இப்படிப்பட்டவனுடைய ஒரே மகள் சுகிர்தா, ஜேர்மனியில் சூரியனைப் பூமியில் மூட்டுகிற ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். எங்கள் சனசமூக நிலையச் செயலாளர், "அண்ணை, ஜேர்மனி போய் வந்ததை எங்கடை ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ, ரெண்டு பக்கம் காணும்" என்றார். இரண்டு பக்கத்தில் என்னுடைய போறணையே அடங்காது. தொடங்குகிறேன்.

போனதற்குக் காரணம் என்னுடைய மனுசி. மகள் போனில் சரியாகக் கதைப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்கிறாள், அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது, நீடிப்பார்களோ தெரியாது என்று இரவும் பகலும் ஒரே புலம்பல். மனுசிக்கு முழங்கால் வருத்தம், பறக்க ஏலாது. "நீங்கள் போய்ப் பாருங்கோ. வேலை இல்லையெண்டு வந்தால் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, பருத்தித்துறை வடை எல்லாம் கட்டித் தந்தாள். உண்மையைச் சொல்லுகிறேன், கூட்டிக்கொண்டு வருவதில் எனக்குப் பெரிய துக்கம் இருக்கவில்லை. இங்கே இரண்டு பேக்கரி பார்க்க ஆள் இல்லை.

இறங்கிய இடத்தில் ஒரு சுங்க அதிகாரி மிளகாய்த்தூள் பையை மோந்து பார்த்தார். பாவம், அவர் தும்மி முடிக்கும் வரைக்கும் எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கண் துடைத்தபடி கையைக் காட்டி, போ போ என்றார்.

மகள் மெலிந்துதான் இருந்தாள். "என்ன பிள்ளை, கயிறு மாதிரி" என்றேன். "நீங்களும் வந்து இறங்க முன்னமே தொடங்கீட்டியள்" என்றாள். அன்று காலை மேசையில் வைத்த பாணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கறுப்பு. புளிப்பு. மேலே விதை. வெட்டுவதற்குக் கத்தி போதாது, கத்தி பிடிப்பவனுக்கு உடம்பு வேண்டும். எங்கள் றோஸ்பாண் கையில் எடுத்தாலே நொருங்கும், தேங்காய்ச் சம்பலைக் கண்டால் உருகும். இது சம்பலோடு சண்டை பிடித்தது. ஆனால் நாலாம் நாள் அந்தப் பாண்தான் எனக்குப் பசி தாங்கியது என்பதையும் எழுதுகிறேன். எந்த ஊர்ப் பாணையும் முதல் நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூன்றாம் நாள் நான் தொலைந்தேன். இதில் என் பிழை ஒன்றும் இல்லை. அன்று சனிக்கிழமையும் அவளுக்கு வேலை. மத்தியானம் தன் வேலை இடத்துக்கு வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்றாள் மகள், றெயிலில் முன்பக்கப் பெட்டியில் ஏறுங்கோ என்றும் சொன்னாள். நான் நல்ல இடம் கிடைத்த பின்பக்கப் பெட்டியில் ஏறினேன். ஒரே றெயில்தானே? யாழ்தேவியில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் கொழும்புதானே வரும்? இங்கே அப்படி இல்லை, பாருங்கோ. நடுவழியில் ஒரு நிலையத்தில் றெயிலை இரண்டாக அறுத்துவிட்டார்கள். முன்பாதி மகளிடம் போனது. பின்பாதி என்னை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது. ஒலிபெருக்கியில் ஒருத்தி நீளமாகச் சொன்னாள்தான். வருகைக்கு நன்றி சொல்லுகிறாளாக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

கடைசி நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஊசிபோலக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், பத்துப் பதினைந்து வீடு, மாட்டுச் சாண மணம். போன் எடுத்தேன். "அங்கையே நில்லுங்கோ அப்பா, அசையாதேங்கோ, வேலை முடிய வாறன்" என்றாள். அசையாமல் நிற்க நான் என்ன மைல்கல்லா? மூக்கு ஒரு பக்கம் இழுத்தது, போனேன். பாண் மணம்.

பேக்கரிக்காரர் என் வயது. நான் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பாண்களைப் பார்த்த பார்வையிலேயே அவர் என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும். என் வலக்கைச் சட்டையைச் சுருட்டிச் சூட்டுத் தழும்புகளைக் காட்டினேன். அவர் தன் சட்டையைச் சுருட்டினார். அதே இடத்தில் அதே தழும்பு, போறணை வாய் விளிம்பு சுடுகிற இடம். இரண்டு பேரும் சிரித்தோம். பருத்தித்துறை வடை ஒன்று கொடுத்தேன், கடித்துப் பார்த்து ஏதோ பெரிய விஷயம் போலக் கண்ணை மூடினார். பின்னால் கூட்டிப் போனார். முன்னுக்கு மின்சாரப் போறணை, பின்னுக்கு விறகுப் போறணை, இன்னும் பாவிக்கிறார்.

அந்தப் போறணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ஒழுங்கில்லாத பாண், மேல் கருகி உள் களி. நான் அதைச் சுட்டினேன். அவர் கையால் கோழி கொத்துவதுபோலக் காட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. போறணை ஒரு நாள் ஆறிக் கிடந்தால் சுவர் ஈரம் குடித்துவிடும். அடுத்த நாள் எவ்வளவு விறகு வைத்தாலும் முதல் தரம் சுடுவது சரிவராது. சுவர் தன் ஈரத்தைக் கக்கி, பாணின் சூட்டைத் திருடும். அந்த முதல் தரம் சுட்டதை நாங்கள் விற்பதில்லை. முதல் போறணைப் பாண் மாட்டுக்கு என்பது எங்கள் தொழிலில் சட்டம். அவருடைய ஊரில் கோழிக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மகள் வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு மர வாங்கில் குந்திக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். "பாஷை தெரியாமல் ரெண்டு மணித்தியாலம் என்ன கதைச்சனீங்கள்?" என்றாள். "தொழில்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. கடையெல்லாம் பூட்டு. மகள் சோறு வைத்தாள். அந்த நேரத்தில் கேட்டேன், "நீ அங்கை என்னதான் செய்யிறாய்? ஊரிலை கேக்கினம், நான் சூரியன் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன்."

அடுப்பில் கொதித்த சட்டியைக் காட்டினாள். "உதைப் பாருங்கோ. அடியிலை சூடு. அந்தச் சூட்டை மேலை கொண்டு வாறது என்ன? சுழி. கொதிக்கிற தண்ணி சுழண்டு சுழண்டு சூட்டை வெளியிலை கொண்டு வந்து விடுது. எங்கடை இயந்திரம் உழுந்து வடை மாதிரி, நடுவிலை ஓட்டை. அதுக்குள்ளை ஒரு வாயு, சூரியனின்ரை நடுவையும் விடச் சூடு. எந்தச் சுவரும் தாங்காது. அதாலை காந்தத்தாலை வேலி போட்டு, சுவரிலை முட்டாமல் பிடிச்சு வைச்சிருக்கிறம்."

"பிடிச்சாச்செண்டா அலுவல் முடிஞ்சுதே."

"முடியேல்லை. வேலிக்குள்ளையும் அது சுழிச்சுக்கொண்டு நிக்கும். சுழி சூட்டை நடுவிலை இருந்து விளிம்புக்குக் கடத்தும். நாங்கள் இன்னும் சூடேத்தினால் இன்னும் சுழி, இன்னும் கசிவு."

"ஓட்டைப் போறணைக்கு விறகு வைக்கிற மாதிரி."

"ஓம். ஆனா ஒரு அளவு தாண்டினால் ஒரு புதினம் நடக்கும். மெல்ல மெல்ல இல்லை அப்பா, சட்டெண்டு. விளிம்பிலை ஒரு அடுக்கு ஒரு வேகத்திலை ஓடும், பக்கத்து அடுக்கு வேறை வேகத்திலை ஓடும். சுழி ரெண்டுக்கும் நடுவிலை அகப்பட்டுக் கிழிஞ்சு போகும். கசிவு அடங்கும். சூடு உள்ளுக்கு நிக்கும்."

நான் யோசித்தேன். நல்லூர்த் தேரன்று வீதியில் நாலு பேர் வட்டமாக நின்று ஊர்க்கதை கதைப்பார்கள். கதை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குத் தாவி மானிப்பாய் வரைக்கும் போய்விடும். ஆனால் தேர் அசைந்ததும் ஒரு வரிசை சனம் விரைவாகவும் பக்கத்து வரிசை மெதுவாகவும் போகத் தொடங்கினால் வட்டம் நிற்குமா? ஆளுக்கொரு பக்கம் இழுபட்டுப் போவார்கள், கதை அங்கேயே செத்துவிடும். இதைச் சொன்னேன். மகள் அகப்பையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "அப்பா, உது சரி" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

அவளுடைய அலுவல், அந்தத் திடீர் மாற்றத்தை மற்றவர்களிலும் பார்க்கக் குறைந்த சூட்டில் கொண்டுவருவது. விளிம்பு வாயுவை ஒரு புது விதமாகக் கையாண்டால் முடியும் என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். செய்து காட்ட ஒரே ஒரு நாள் இயந்திரம் கிடைத்திருக்கிறது. காட்டினால் ஒப்பந்தம் நீடிக்கும். காட்டாவிட்டால் நானும் அவளும் ஒரே விமானத்தில்.

"எந்த நாள்?"

"செவ்வாய். திரும்ப மூட்டிற முதல் நாள். இயந்திரத்தைத் திருத்த வேலைக்கெண்டு மூண்டு மாதம் திறந்து வைச்சிருந்தவை. இப்ப மூடிக் காத்தெல்லாம் உறிஞ்சி எடுத்தாச்சு. முதல் ஆள் நான்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "திறந்து கிடந்ததோ? மூண்டு மாதம்? சுவர் ஈரம் குடிச்சிருக்குமே!"

"குடிச்சிருக்கும்தான்."

"அப்ப முதல் நாள் அது கக்குமே! விளிம்பைக் குளிராக்குமே! உன்ரை மாற்றம் வாறதுக்கு இன்னும் கூடச் சூடு கேக்குமே! நீ குறைச்சுக் காட்டவெல்லோ போறாய்?"

"எல்லாம் எனக்குத் தெரியும் அப்பா. அங்கை எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாங்கினாய்?"

"பட்டியலிலை அப்பிடிப் போட்டிருந்தினம்."

"முதல் போறணைப் பாண் மாட்டுக்கடி!" என்று மேசையில் தட்டினேன். "அண்டைக்கு வேறை ஆருக்கேன் குடு. நீ ரெண்டாம் மூண்டாம் போறணையிலை வை. போய்க் கேள்."

"எப்பிடிக் கேக்கிறது? மேலதிகாரி அம்மா போட்ட பட்டியல். மற்ற ஆக்களும் தங்கடை நாளுக்குக் காத்துக்கொண்டு இருக்கினம். நான் போய் எனக்கு மாத்தித் தாங்கோ எண்டு நிக்கிறதே?"

"ஏன் நிண்டால் என்ன?"

அவள் சட்டியை இறக்கினாள். திரும்பாமலே சொன்னாள். "நீங்கள்தானே அப்பா, தந்ததை வாங்கு, வாய் காட்டாதை எண்டு வளர்த்தனீங்கள். பள்ளிக்கூடத்திலை பரிசுப் புத்தகம் வேறை பிள்ளைக்கு மாறிக் குடுத்த நேரம் நான் கேக்கப் போக, நீங்கள்தானே கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்."

அது நடந்ததுதான். பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். சோற்றைத் தின்றேன். இந்தப் பகுதியை எழுதாமல் விடத்தான் இருந்தேன், மனுசி எழுதச் சொன்னாள்.

திங்கள் காலை அவள் சப்பாத்துப் போடும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "அண்டைக்கு இழுத்துக்கொண்டு வந்தது பிழை. இண்டைக்குப் போய்க் கேள்."

சப்பாத்துக் கயிறை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் வந்தாள், முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. வெள்ளிக்கிழமை நாள் லூக்கா என்கிற இத்தாலிக்காரப் பொடியனுடையதாம். இவள் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டிருக்கிறாள். அவன் எழும்பிக் கட்டிப்பிடித்துவிட்டானாம். "எனக்கு அந்த அழுக்கு நாள்தானே வேணும்! சுவர் கக்கிறதைப் படம் பிடிக்கத்தான் என்ரை கமரா. வெள்ளிக்கிழமைக்குள்ளை எல்லாம் சுத்தமாகிப் போயிடும் எண்டு கவலையிலை இருந்தன். உன்னட்டைக் கேக்க எனக்கு வெட்கமா இருந்தது" என்றானாம். மேலதிகாரி அம்மா இரண்டு பேரையும் பார்த்து, "இதை ஏன் போன மாதமே சொல்லவில்லை?" என்று கேட்டாராம். அந்த ஊரில் கேட்பது குற்றமில்லை, கேளாததுதான் குற்றம்.

செவ்வாய் லூக்காவின் நாளில் இயந்திரம் மூட்ட மூட்ட அணைந்ததாம். பையன் சந்தோசத்தில் குதிக்காத குறையாம். மாடு நன்றாகச் சாப்பிட்டது என்றேன்.

வெள்ளிக்கிழமை எனக்கும் அனுமதி வாங்கித் தந்தாள். இயந்திரத்தைப் பக்கத்தில் பார்க்க விடவில்லை, கட்டுப்பாட்டு அறையில் பின்வரிசைக் கதிரை. திரை மேல் திரை, கோடு மேல் கோடு. ஒரு மூட்டல் பத்துச் செக்கன் வராது. பிறகு அடுத்ததற்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். மகள் முன்வரிசையில், காதில் கருவி, குரல் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல். கட்டளை இடுகிற குரல். முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. அவள் எதையோ மாற்றச் சொன்னாள். ஒரு வெள்ளைக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் திரும்பவும் சொன்னாள். மாற்றினார்கள்.

மூன்றாம் தரம். பெரிய திரையில் ஒரு சிவப்புக் கோடு நடுங்கி நடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று, கிணற்றுக்குள் வாளி அறுந்து விழுந்ததுபோலக் கோடு விழுந்தது. என் நெஞ்சும் விழுந்தது. "ஐயோ, விழுந்திட்டுது!" என்று தமிழில் கத்தியே விட்டேன்.

முழு அறையும் கை தட்டியது.

இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று பார்த்தேன். மகள் திரும்பினாள், கண் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து, "விழத்தான் வேணும் அப்பா! அது விளிம்பின்ரை வெளிச்சம். கசிவு இருந்தால்தான் அது வெளிச்சம் போடும். சுழி அடங்கீட்டுது, கசிவு நிண்டிட்டுது. குறைஞ்ச சூட்டிலை!" என்றாள். நல்லது. வாய்த் தகரம் சரியாக மூடின போறணையில் வெளியே வெளிச்சம் தெரியாதுதானே. இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அதே கோடு கூர் கூராக எகிறத் தொடங்கியது. உள்ளே அடங்கின சூடு விளிம்பில் இடைக்கிடை பொங்கி வழிகிறதாம், சுவருக்குக் கூடாதாம். தைப்பொங்கலுக்குப் பானை பொங்கினால் நாங்கள் வெடி கொளுத்துவோம், அங்கே பொங்கினால் முகம் சுளிக்கிறார்கள். அதை அடக்குவது வேறு ஆட்களுடைய வேலையாம். அவர்களும் வந்தால் பேசிப் பார்க்கலாம் என்றேன். மகள் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாப்பாட்டுக்கு லூக்காவும் வந்தான். ஒடியல் கூழ் வைத்தோம். நண்டு அங்கே கிடைத்தது, விலை மட்டும் கேட்காதீர்கள். பையன் வியர்த்து ஒழுக மூன்று கோப்பை குடித்து, "உங்கள் ஊர் மக்கள் வாய்க்குள்ளேயே சூரியன் வைத்திருக்கிறார்கள்" என்றான். மகள் தமிழாக்கிச் சொன்னாள். அவளும் இரண்டு கோப்பை குடித்தாள். அதுதான் நான் மனுசிக்குப் போனில் முதலில் சொன்ன செய்தி.

நான் தனியாகத்தான் திரும்பினேன். விமானத்தில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. நித்திரை நன்றாக வந்தது.

ஒப்பந்தம் நீண்டுவிட்டது. இப்போது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். போன கிழமை போனில் ஆசிரியர் பெயர்களை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள், வாசித்தாள், நான் ஒரு தட்டு பணிஸ் அடுக்கி முடித்தேன், இன்னும் வாசித்தாள். லூக்கா இருக்கிறான். குளிர்தண்ணிப் பம்பு பார்க்கிறவர்கூட இருக்கிறார்.

"என்ரை பேர்?"

"உங்கடை பேர் போடேலாது அப்பா. நீங்கள் அங்கை வேலை செய்யேல்லை."

"வேறை இடமே இல்லையோ?"

"கடைசியிலை நன்றி எண்டு ஒரு பகுதி இருக்கு."

"அதிலை போடு."

"பாப்பம்" என்றாள். யாழ்ப்பாணத்தில் பாப்பம் என்றால் என்ன பொருள் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சுகிர்தா, இந்த மலர் உனக்கும் தபாலில் வரும், வாசி. சுவர் ஈரம் உனக்குத் தெரிந்த விஷயம்தான், நான் ஒத்துக்கொள்ளுகிறேன். சுழியும் காந்தமும் உன்னுடையவை, எனக்கு வேண்டாம். ஆனால் உன்னை வாய் திறக்காத பிள்ளையாக வளர்த்தது நான் என்று என் முகத்துக்கு முன்னால் சொன்னாய், நானும் மறுக்கவில்லை. ஊர் முழுக்க வாசிக்க இங்கே அச்சிலும் ஏற்றிவிட்டேன். அந்த வாயைத் திறக்க வைத்ததும் நான்தான். பிழைக்கு என்ரை பேர் என்றால் சரிக்கும் என்ரை பேர்தான் வரவேண்டும். நன்றிப் பகுதியில் போடு: மு. சின்னத்துரை, பேக்கரி, உரும்பிராய். அந்த 'மு'வை விட்டுவிடாதே, எங்கள் ஊரில் இன்னும் நாலு சின்னத்துரை இருக்கிறார்கள்.